பேராதனைச் சந்தி: மலைநாட்டுப் பாதை திரும்பிய இடம்

(கண்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்டியின் ரயில் வரலாற்றைப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். அந்த வரலாற்றைக் கண்டி நிலையத்தில் தொடங்குவதுதான் வழக்கம். நான் இங்கிருந்து ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளி, பேராதனைச் சந்தியில் தொடங்குகிறேன். அதற்குக் காரணம் உண்டு. புகையிரதத் திணைக்களத்தின் வழக்கில் ‘பிரதான பாதை’ என்பது கொழும்பிலிருந்து பதுளைக்குப் போவது. பேராதனையில் அதை விட்டுப் பிரிந்து, கண்டியைத் தொட்டு, மாத்தளையில் முடிவது ‘மாத்தளைப் பாதை’. மலைநாட்டு அரசர்களின் தலைநகரம், தலதா மாளிகை இருக்கும் இந்த ஊர், ரயில் கணக்கில் ஒரு கிளைப்பாதையில் இருக்கிறது!

1867இல் நிலைமை இப்படி இல்லை. அன்று ரயில் கண்டியைத் தேடித்தான் மலையேறி வந்தது, கண்டியிலேயே முடிந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் அதைத் தெற்கே திருப்பியது எது? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஒரு பயிர்தான் திருப்பியது. ஆனால், அந்தப் பயிரோடு பேச்சை நிறுத்திவிட்டால் பாதி வரலாறுதான் சொன்னதாகும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து வரும் பாதைக்கு ரம்புக்கனை வரை பெரிய சிரமம் இல்லை. அங்கே உயரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீற்றர்கூட இல்லை. அதற்கப்பால் மலை எழும்புகிறது. ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி என்ற கணக்கில், பாறையைக் குடைந்தும் விளிம்பைச் செதுக்கியும் பாதை பலான, கடுகண்ணாவை என்று ஏறுகிறது. கடுகண்ணாவையில் ஐந்நூறு மீற்றரைத் தாண்டிவிடுகிறோம். அதோடு ஏற்றம் நிற்கிறது. பிலிமத்தலாவைப் பக்கம் வண்டி இறங்கத் தொடங்குகிறது. ஏறிய களைப்பில் பயணிகள் அதைக் கவனிப்பதில்லை. இறங்கிவந்து மகாவலிப் பள்ளத்தாக்கை எட்டும் இடம்தான் பேராதனை. உயரம் ஏறத்தாழ 470 மீற்றர்.

மகாவலி தெற்கேயிருந்து, நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கமாக வருகிறது. பேராதனையில் தாவரவியல் பூங்காவைச் சுற்றி ஒரு பெரிய வளைவு போட்டுவிட்டு வடக்கே திரும்புகிறது. ஆகவே கொழும்பிலிருந்து கணவாயைக் கடந்து வருகிறவருக்கு இங்கே இரண்டே வழிகள். ஆற்றைக் கடந்தால் கண்டி. ஆற்றோடு எதிரேறித் தெற்கே போனால் கம்பளை, அதற்கப்பால் மத்திய மலைத்தொடர். ரயிலுக்கு முன்பே வீதி இந்தத் தெரிவைச் சந்தித்தது. 1833இல் முதிரை மரத்தால் 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவாகப் பேராதனையில் மகாவலிக்கு மேல் பாலம் கட்டினார்கள். 1905இல் புதுப் பாலம் வரும்வரை கண்டி வீதியின் பாரம் முழுவதையும் தாங்கியது அந்த மரப்பாலம்தான். இன்றைக்கும் கொழும்பு–கண்டி வீதியை விட்டுப் பிரிந்து பதுளை வழியாகச் செங்கலடி வரை போகும் ஏ-5 நெடுஞ்சாலை பேராதனையில்தான் தொடங்குகிறது. பொறியியலாளர்கள் வரைபடத்தை விரிப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஆறு அந்தச் சந்தியைக் குறித்துவைத்துவிட்டது.

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் ரயில் சந்திகள் அமைந்த இடங்களைப் பார்த்தாலும் இதுவே தெரியும். கணவாயைக் கடந்த பாதை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும். அங்கே மேலும் கீழும் பிரியும். ஆஸ்திரியாவில் செமரிங் மலைப்பாதை திறந்தது 1854இல். சுவிட்சர்லாந்தின் கொத்தார்ட் பாதை திறந்தது 1882இல். இவ்விரண்டுக்கும் நடுவே, 1867இல், நமது கடுகண்ணாவை ஏற்றம் முடிந்துவிட்டது. உலகில் மலை ரயில் என்ற தொழில் இளமையாக இருந்தபோதே இங்கே அது நடந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கட்டிய கதை சுருக்கமானதல்ல. 1845இல் இலண்டனில் இலங்கை ரயில்வே கம்பெனி உருவாயிற்று. 1858 ஆகஸ்டில் தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட் கொழும்பில் முதல் மண்ணை வெட்டினார். செலவு மதிப்பீட்டை மீறிப்போக, கம்பெனி கைவிட்டது. அரசே வேலையை ஏற்றது. பம்பாய்–தாணே பாதையில் வேலை செய்து பழகிய வில்லியம் ஃபேவியல் ஒப்பந்தகாரராக வந்தார். கில்ஃபோர்ட் மோல்ஸ்வர்த் பொறியியல் பொறுப்பை ஏற்றார். 1864 டிசம்பர் 27இல் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீற்றர் ஓடியது. 1867இல் கண்டி.

இந்தப் பெயர்கள் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கின்றன. கடுகண்ணாவைப் பாறையில் துளையிட்டவர்கள், சரிவில் கல் சுமந்தவர்கள், காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பாதையோரமே மடிந்தவர்கள், இவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அங்குள்ள குகைவழிகளைப் பார்த்து வியக்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டியவர்கள் நாம்.

இனி அந்தப் பயிர். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்த பிறகு மலைகளில் கோப்பி பரவியது. தோட்டத்திலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்குக் கோப்பி மூட்டைகளை மாட்டு வண்டிகள்தான் கொண்டுபோயின. வீதி இல்லாத இடங்களில் பொதி சுமக்கும் தவள மாடுகள். மழையில் வீதி சேறாகிவிடும், மாட்டுக்கு நோய் வரும், மூட்டை நனையும், கூலி ஏறும். கண்டியில் கூடிய தோட்ட முதலாளிமார் சங்கம் ரயில் ரயில் என்று கேட்டது இதனால்தான். ஒரு நாட்டு மக்களின் போக்குவரத்துக்காக எழுந்த கோரிக்கை அல்ல அது. ஒரு சரக்கைக் கப்பலில் சேர்ப்பதற்கான கோரிக்கை.

கண்டிக்கு ரயில் வந்தபோது கோப்பி உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 1870 அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் அந்தர் ஏற்றுமதி. ஆனால் புதிதாகக் காடழித்துப் போட்ட தோட்டங்கள் கண்டியைச் சுற்றி இல்லை. அவை தெற்கே உயரத்தில், அம்பகமுவை, டிக்கோயா, டிம்புலை என்று விரிந்துகொண்டிருந்தன. அந்த மூட்டைகள் கம்பளைப் பக்கமாகத்தான் இறங்கி வந்தாக வேண்டும். கண்டியில் முடிந்துவிட்ட ரயிலால் அவற்றுக்குப் பயன் குறைவு. அதனால்தான் பேராதனையிலிருந்து கம்பளை வழியாக நாவலப்பிட்டிக்குப் பாதை போட்டார்கள். அது 1874இல் நாவலப்பிட்டியை எட்டியது. அன்றுவரை கண்டிக்குப் போகும் வழியில் இருந்த ஓர் இடமே பேராதனை. அன்றுமுதல் அது சந்தி.

இங்கே ஒரு சங்கதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். சந்தி உருவான நேரத்தில் கோப்பிக்கு மரண நோய் பிடித்தாயிற்று. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் பொடி படிந்தது. அந்த இலைகள் வந்து சேர்ந்தது எங்கே? பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு. அங்கே பணிப்பாளராக இருந்த த்வெய்ட்ஸ் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சை நிபுணர் பெர்க்லி அதற்கு ஹெமிலியா வாஸ்டட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். கோப்பிக்காகப் பாதையைத் திருப்பிய சந்தியும், கோப்பியின் முடிவை முதலில் பரிசோதித்த பூங்காவும் ஒரே பேராதனையில் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டங்கள் பாழாகின, முதலாளிகள் பலர் கடனாளியாகி ஊரை விட்டுப் போனார்கள். அப்போது கூலியும் அரிசியும் இல்லாமல் தவித்த தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிப் பேச ஆளில்லை.

பாதை மட்டும் நிற்கவில்லை. ரயில் கண்டிக்கு வந்த அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி விட்ட இடத்தைத் தேயிலை பிடித்தது. பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் போனது. 1924இல்தான் பதுளைக்கு வந்து சேர்ந்தது. பட்டிப்பொலைக்கு அப்பால் 1,898 மீற்றர் உயரத்தில் அது சிகரத்தைத் தொடுகிறது. நீலகிரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பற்சக்கரம் வைத்து ஏறுகிறார்கள். டார்ஜிலிங்கில் இரண்டடிப் பாதை. இங்கே ஐந்தடி ஆறங்குல அகலப் பாதையையே, பற்சக்கரம் இல்லாமல், அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு விலையாக நாவலப்பிட்டிக்கு மேலே நூறு மீற்றர் ஆரத்துக்கு நெருக்கமான வளைவுகளை ஏற்றுக்கொண்டார்கள். நீளமான எஞ்சினும் நீளமான வண்டித்தொடரும் அந்த வளைவுகளில் போக முடியாது. அதனால்தான் நடுவில் மடங்கும் காரட் எஞ்சின்களை 1920களின் இறுதியில் இங்கே கொண்டுவந்தார்கள். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அனுப்பிய டீசல் எஞ்சின்கள், அந்நாட்டு மாகாணப் பெயர்களைத் தாங்கியபடியே இந்த மலைகளில் ஓடின.

இப்போது சந்திக்குத் திரும்புவோம். பேராதனையில் தண்டவாளங்கள் ஒரு முக்கோணமாகச் சேர்கின்றன. கொழும்புப் பக்கம் ஒரு முனை, கண்டிப் பக்கம் ஒரு முனை, பதுளைப் பக்கம் ஒரு முனை. எந்த முனையிலிருந்து வந்தாலும் மற்ற இரண்டில் எதற்கும், எஞ்சினைக் கழற்றி மாட்டாமல், நேராகப் போகலாம். வெறும் கவடாகப் பிரிந்திருந்தால் இது முடியாது. கண்டியிலிருந்து பதுளைக்குப் போகிற வண்டி கொழும்புப் பக்கம் போய்நின்று பின்னோக்கி வரவேண்டியிருக்கும்.

இந்த முக்கோணத்தின் பயனை விளங்கிக்கொள்ள இரண்டு ‘மெனிக்கே’ வண்டிகளைப் பாருங்கள். உடரட்ட மெனிக்கேயும் பொடி மெனிக்கேயும் 1956இல் ஓடத் தொடங்கின. பி.டி. ரம்பால ரயில்வேயை நிர்வகித்த காலம் அது. வண்டிகளுக்கு அழகான பெயர் வைத்து மக்களோடு நெருக்கமாக்கினார். யாழ்தேவியும் அந்த வரிசையில் வந்ததுதான். உடரட்ட மெனிக்கே கொழும்பிலிருந்து வந்து, முக்கோணத்தின் ஒரு பக்கத்தால், கண்டிக்குப் போகாமல் நேரே பதுளைக்குத் திரும்பும். பொடி மெனிக்கே கண்டிக்குள் போகும். கண்டியில் வண்டியின் திசை மாறும். வந்த வழியே பேராதனைக்குத் திரும்பி, முக்கோணத்தின் இன்னொரு பக்கத்தால் பதுளைப் பாதையைப் பிடிக்கும். முன்னால் பார்த்தபடி இருந்த பயணி இப்போது பின்னால் பார்த்தபடி போவார். கண்டி கிளையில் இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதைக் கையால் தொட்டுப் பார்க்கும் இடம் இது.

சந்தியை நடத்துவது எப்படி? மலைப்பாதையின் ஒற்றைத் தண்டவாளப் பகுதிகளில், எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் ஒரே துண்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது. முழு வேலையும் இந்த ஒரே விதியைக் காப்பதற்குத்தான். 1874இல், நாவலப்பிட்டிப் பாதை திறந்த அதே ஆண்டில், இங்கிலாந்தில் நோர்விச் நகருக்கு அருகே ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பமே காரணம். அந்த விபத்துக்குப் பிறகுதான் எட்வர்ட் டையர் என்பவர் 1878இல் டேப்ளட் முறையைக் கண்டுபிடித்தார். அந்த முறை நம் மலைநாட்டில் ஒரு நூற்றாண்டைத் தாண்டி வேலை செய்திருக்கிறது.

அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒன்றோடொன்று மின்கம்பியால் இணைந்த இரண்டு கருவிகள் இருக்கும். அவற்றுக்குள் உலோக வட்டுகள். ஒரு நிலையத்திலிருந்து வண்டியை அனுப்ப வேண்டுமானால், அடுத்த நிலையத்தை மணியடித்துக் கேட்க வேண்டும். அங்குள்ள நிலைய அதிபர் இசைந்து, தம் கருவியை அழுத்தினால்தான் இங்கே ஒரு வட்டு வெளியே வரும். அது வெளியே வந்தபின், அதை இரண்டில் ஒரு கருவிக்குள் திரும்பப் போடும்வரை இன்னொரு வட்டை எந்தப் பக்கத்திலும் எடுக்க முடியாது. அந்த வட்டு பையில் இருக்கும். பை ஒரு பெரிய வளையத்தில் தொங்கும். வளையத்தைக் கையில் வாங்காமல் சாரதி அந்தத் துண்டுக்குள் ஒரு அடிகூட நகரமாட்டார். வண்டி மெதுவாக ஓடும்போதே ஒரு வளையத்தைக் கொடுத்து மற்றொன்றை வாங்குவதை மலைநாட்டு நிலையங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அது மரியாதைக்குரிய காட்சி. இருளும் பனிமூட்டமும் மழையும் உள்ள மலையில், இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டு, ஒப்பி, அந்த ஒப்புதலை ஒரு பொருளாக மூன்றாவது மனிதரின் கையில் கொடுக்கிறார்கள்.

சந்தியில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. சாதாரண நிலையத்தில் இரு பக்கம் கேட்டால் போதும். பேராதனையில் மூன்று பக்கமும் கேட்க வேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டி வருவது தாமதமாகும். பதுளையிலிருந்து வருவது மண்சரிவால் தங்கிவிடும். கண்டியிலிருந்து மாணவர்களோடும் அலுவலகத்தாரோடும் வரும் வண்டி நேரத்துக்கு நிற்கும். எதை முதலில் விடுவது, எதைக் கைகாட்டிக்கு வெளியே நிறுத்துவது என்று ஒவ்வொரு தடவையும் தீர்மானிக்க வேண்டும். ஒரு மலையில் விழுந்த கல்லின் விளைவு மூன்று பாதைகளின் நேர அட்டவணையிலும் தெரியும் இடம் சந்தி.

சந்திக்கும் கண்டிக்கும் இடையில் சரசவி உயன என்று ஒரு சிறு நிலையம் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. யாழ்ப்பாணத்திலிருந்து பொல்காவலையில் இறங்கி, வண்டி மாறி இந்த மலைக்கு வந்த தமிழ் மாணவர்கள் எத்தனை தலைமுறை! பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் தமிழ்த்துறையும், வித்தியானந்தனின் கூத்து மேடையும், கைலாசபதியின் விமரிசனமும் வளர்ந்த வளாகத்துக்கு வழிகாட்டிய பாதை இதுதான். அதைத் தனி உரையாகத்தான் பேச வேண்டும்.

நான் பேச வந்ததன் உள்ளே இருப்பது வேறு. தமிழ்நாட்டில் அன்று இந்த மலைநாட்டைக் ‘கண்டிச் சீமை’ என்றார்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்துச் சனங்கள் தோட்ட வேலைக்காகப் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் வழிபட்ட முத்துமாரியம்மன் இன்றும் மாத்தளையில் இருக்கிறாள். அந்த மாத்தளைக்கு 1880இல் ரயில் போயிற்று. 1914இல் தலைமன்னார்ப் பாதை திறந்தது; தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்து, கப்பல் ஏறி, ரயில் ஏறி, மாகோ, பொல்காவலை வழியாக மலையேறினார்கள். ஹற்றனுக்குப் போகிறவரும் பதுளைக்குப் போகிறவரும் பேராதனைச் சந்தியில்தான் தெற்கே திரும்பியாக வேண்டும். கண்டிச் சீமைக்கென்று புறப்பட்டு, கண்டியைக் காணாமலே தோட்டத்துக்குப் போனவர்கள் அவர்கள்.

பிறகு அதே பாதை எதிர்த்திசையில் ஓடியது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று பங்கு பிரித்தார்கள். அவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. 1970களில் தோட்டத்துச் சனம் வண்டி வண்டியாகத் தலைமன்னாருக்குப் போனார்கள். அண்ணன் போக, தங்கை நிற்க, பாட்டியை விட்டுப் பேரப்பிள்ளைகள் போக, மேடையெல்லாம் அழுகை. மலையகத்தில் அதை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்கிறார்கள். 1984இல் கப்பல் நிற்கும்வரைக்கும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

வரைபடத்தைப் பாருங்கள். பதுளையில் ஏறினாலும், பண்டாரவளையில் ஏறினாலும், ஹற்றனில், நாவலப்பிட்டியில், கண்டியில், மாத்தளையில் ஏறினாலும், ரயிலில் தலைமன்னாருக்குப் போக பேராதனைச் சந்தியைக் கடக்காமல் வழியே இல்லை. அந்த ஊர்களுக்கு ரயிலில் வந்த அத்தனை பேரும், போன அத்தனை பேரும் இந்த முக்கோணத்தின் ஏதோ ஒரு பக்கத்தால் திரும்பியிருக்கிறார்கள். கொழும்பு, அனுராதபுரம் என்று வேறு நிலையங்களுக்கு வேறு பெருமைகள் உண்டு. மலையகத் தமிழரின் வரவும் போக்கும் ஒரே புள்ளியில் குவிந்த நிலையம் இலங்கையில் இது ஒன்றுதான் என்று நான் கருதுகிறேன்.

2014 டிசம்பர் 27இல், முதல் ரயில் ஓடிய நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவில், கடுகண்ணாவையில் ரயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய எஞ்சின்களும் கருவிகளும் அங்கே இருக்கின்றன. நல்ல வேலை, வரவேற்கிறேன். பேராதனைக்கும் ஒன்று வேண்டும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. நிலைய மேடையில், மூன்று மொழிகளிலும் ஒரு பலகை. 1867, 1874, 1914, 1964 என்ற ஆண்டுகளும், இந்தச் சந்தி எதற்காக உண்டாயிற்று, யார் இதைக் கட்டினார்கள், யார் இதைக் கடந்து வந்தார்கள், யாரை இதன் வழியே அனுப்பினார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். டேப்ளட் கருவியை இயக்கிய பழைய நிலைய அதிபர்களும், தண்டவாளம் மாற்றிய ஊழியர்களும், நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர்களும் உங்கள் ஊர்களில் வயதாகி இருக்கிறார்கள். ஒப்பாரிக் கோச்சியில் சொந்தங்களை ஏற்றிவிட்டு மேடையில் நின்றவர்களும் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் ஹற்றனிலும் இன்னும் இருக்கிறார்கள். ஒலிப்பதிவு செய்ய உங்கள் கைப்பேசியே போதும். எந்த ஆண்டு, எந்த நிலையம், எத்தனை மணி வண்டி, வண்டி எந்தப் பக்கத்து மேடைக்கு வந்தது, யார் ஏறினார்கள், யார் ஏற மறுத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதி சேருங்கள். அடுத்த விடுமுறையிலேயே இதைத் தொடங்கலாம். விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.